உயிரான மங்காவுக்கு உயிர் கொடுக்கப் போய்…

முதலில் டிரெய்லர் வரும். ஒன்றரை நிமிஷம்தான், ஆனால் மிரட்டலாக இருக்கும். வாள் சுழலும், மழை கொட்டும், கோரஸ் உச்சத்துக்குப் போகும், கடைசியில் கறுப்புத் திரையில் மங்காவின் பெயர் மின்னும். கீழே பாராட்டு குவியும். பெரிய ஸ்டுடியோக்கள் இத்தனை வருஷமாகச் செய்யாததை இந்தப் பிள்ளைகள் செய்துகாட்டிவிட்டார்கள் என்று பல ஊர்களிலிருந்தும் எழுதுவார்கள். மாதங்கள் கழித்து அடுத்த அறிவிப்பு வரும்: ஆட்கள் தேவை. அதற்கடுத்து: தவிர்க்க முடியாத தாமதம். பிறகு அந்தச் சேனலில் பேச்சுமூச்சு இருக்காது.

ஜப்பானியப் படக்கதையான மங்காவை ரசிகர்களே அனிமே என்னும் அனிமேஷன் படமாக்கும் முயற்சிகளைக் கவனித்து வருபவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். அவர்கள் கொட்டும் அன்பும் கண்விழிப்பும் கொஞ்சநஞ்சமல்ல. பல குழுக்களில் இருக்கும் கைத்திறன் தொழில்முறைக் கலைஞர்களுக்குக் குறைந்ததும் அல்ல. ஆனாலும் ஒரு குழு சறுக்கிய அதே இடத்தில் அடுத்த குழுவும் சறுக்குகிறது. எங்கே சறுக்கியது என்று நின்று பேச யாருக்கும் நேரமில்லை. அதற்குள் அடுத்த டிரெய்லர் வந்துவிடுகிறது.

இது ஏதோ தூரதேசத்துச் சமாசாரமும் இல்லை. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு நம் தியேட்டர்களுக்கு வந்தது. பிளெண்டர் என்னும் அனிமேஷன் மென்பொருள் இலவசம். ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ், 2016 முதல் 'ஓப்பன்டூன்ஸ்' என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு லேப்டாப்பும் வரைபலகையும் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு, 'நாமே செய்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

ஏன் இந்தப் பசி?

'பெர்செர்க்' ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள். கென்டாரோ மியூரா 1989இல் தொடங்கிய மங்கா அது. ஆளுயர வாளைத் தூக்கிக்கொண்டு அலையும் கட்ஸ் என்ற மனிதனின் கதை. 1997இல் டி.வி. தொடராக வந்தது, 25 எபிசோடுகள். கட்ஸின் இளமைக் காலத்தைச் சொல்லி, கிரகணத்தில் நடக்கும் அந்தப் படுகொலையோடு தொடர் நின்றுவிட்டது. மங்காவிலோ கட்ஸின் நீண்ட பயணமே அதற்குப் பிறகுதான். 2012, 2013 ஆண்டுகளில் வந்த மூன்று திரைப்படங்களும் அதே இளமைக் காலத்தையே திரும்பச் சொல்லின. 2016இல் வந்த தொடர் ஒருவழியாகக் கிரகணத்தைத் தாண்டியது. ஆனால் கம்ப்யூட்டர் பொம்மைகள் போல அசையும் உருவங்களைப் பார்த்து ரசிகர்கள் நொந்துபோனார்கள். 2021 மே 6ஆம் தேதி மியூரா இறந்தார். 54 வயது. கதை முடியவில்லை.

பிடித்த கதைக்கு நியாயம் நடக்கவில்லை என்ற ஆற்றாமை அப்படியே தங்கிவிட்டது. 'பெர்செர்க்'கின் கறுப்பு வாள்வீரன் பகுதியை நாங்களே அனிமே ஆக்குகிறோம் என்று ஒரு ரசிகர் குழு கிளம்பி, டிரெய்லர் விட்டபோது எழுந்த ஆரவாரத்துக்கு இந்த ஆற்றாமையே காரணம். 'பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' இரண்டாவது சீசன் 2021இல் மங்காவின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்து, முடிவை வெறும் நிலைப்படங்களாக ஓட்டிக் காட்டியபோதும் ரசிகர்களுக்கு இதே வயிற்றெரிச்சல். ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி' 2024இல் வந்தது. முதல் எபிசோடு மங்காப் பக்கமே எழுந்து நடப்பதுபோல இருந்தது. இரண்டாவதில் தரம் தடாலென்று விழுந்தது. ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சிக்கல் அந்தக் கோபத்தைத் தூரிகையாக்கும்போது தொடங்குகிறது.

ஒரு கட்டம் அசையும்போது

கட்ஸ் வாளை வீசும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். மியூராவின் பக்கத்தில் அந்த வாளுக்கு எடை இருக்கும். இரும்பின் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கவசத்தின் கீறல், துணியின் மடிப்பு, தெறிக்கும் ரத்தம் எல்லாமே மையின் அடர்த்தியில் நிற்கும். வாசகர் அந்தப் பக்கத்தில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வாள் எவ்வளவு வேகத்தில் வந்தது, என்ன சத்தம் கேட்டது, யாருடைய மூச்சு நின்றது என்பதையெல்லாம் அவரே தன் மனத்தில் நிரப்பிக்கொள்கிறார்.

இப்போது அதை அசைய வைக்க வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம், மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் 8 படம். மியூராவின் அந்த நூற்றுக்கணக்கான கோடுகளைப் பன்னிரண்டு முறை கையால் வரைந்தால், ஒரு முறை போல இன்னொரு முறை வராது. திரையில் கோடுகள் புழு மாதிரி நெளியும். வாளைப் பார்க்க வேண்டிய கண் நெளிவைப் பார்க்கும். ஆகவே கோடுகளைக் கழிக்க வேண்டும். எதைக் கழிப்பது, எதை நிழலாக மாற்றுவது, எந்த ஒரு கோட்டை மட்டும் விட்டுவைத்தால் எடை நிற்கும் என்பதில்தான் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. 2016 தொடரை எடுத்தவர்கள் கோடுகளைக் கழிக்காமல், கம்ப்யூட்டர் உருவங்களின் மேல் கோட்டு வேலைப்பாட்டை ஒட்டிப் பார்த்தார்கள். அது உடம்போடு சேரவே இல்லை.

ரசிகருக்கு ஒரு கோட்டைக் கழிப்பதும் துரோகமாகப் படுகிறது. ஒவ்வொரு கட்டமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் கட்டத்தை அப்படியே திரையில் வைத்து, முடியைக் கொஞ்சம் பறக்கவிட்டு, அங்கியை அசைத்து, கேமராவை மெல்ல உள்ளே தள்ளுகிறார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்பதை அவர் யோசிப்பதில்லை. அனிமேஷன் என்பதே அந்த நடுவில்தான் இருக்கிறது. மூலத்தின் மேல் வைத்த பக்தியே கையைக் கட்டிப்போடுகிறது. பணம், சட்டம், ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிய பள்ளமாகப் பார்க்கிறேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படமானபோது நம் வாசகர்கள் போட்ட சண்டை நினைவிருக்கும். அங்கே மணியம் வரைந்த ஓவியங்களைத் தவிர மற்றதெல்லாம் எழுத்து; ஆளாளுக்கு ஒரு வந்தியத்தேவன் இருந்தான். மங்காவில் முகமும் உடையும் வாசலும் வானமும் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கின்றன. வாசகர் தன் பங்காகக் கொடுத்தது குரலையும் நேரத்தையும் மட்டுமே. அனிமே கைவைப்பதும் சரியாக அந்த இரண்டில்தான். அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

தன் கதையைத் தானே வெட்டியவர்

'ஸ்லாம் டங்க்' இதற்கு நேரெதிரான பாடம். டகேஹிகோ இனோவேயின் கூடைப்பந்து மங்கா 1990 முதல் 1996 வரை வந்தது. தோயி நிறுவனத்தின் டி.வி. தொடர் 101 எபிசோடுகள் ஓடியும், கதையின் சிகரமான சன்னோ பள்ளியோடான ஆட்டத்தைத் தொடாமலே முடிந்தது. ரசிகர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். தோயி மாதிரிக் காட்சிகளைச் செய்து கொண்டுபோய்க் காட்டியும் இனோவே பல வருஷம் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அவரே எழுதி, அவரே இயக்கி, 2022 டிசம்பரில் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' வந்தது.

அதில் அவர் செய்ததைப் பாருங்கள். மங்காவின் நாயகன் சகுராகி. படத்தின் மையமோ மியாகி ரியோட்டா. மங்காவில் சொல்லாத அவனுடைய வீடு, ஒகினாவாக் கடற்கரை, இழந்த அண்ணன் எல்லாம் புதிதாக வந்தன. ரசிகர்கள் உயிராக நினைத்த பல காட்சிகளை இனோவே விட்டுவிட்டார். ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டார். மங்காவில் அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய வசனமே கிடையாது. திரையில் அதற்கு ஈடாக என்ன வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதே படத்தை ரசிகர் குழு எடுத்திருந்தால் சகுராகியை நடுவிலிருந்து நகர்த்தியிருக்குமா? எந்த ரசிகருக்கும் அந்தத் துணிவு வந்திருக்காது. வந்திருந்தாலும் மற்ற ரசிகர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். வெட்டும் உரிமை படைத்தவருக்கு இருக்கிறது, அல்லது அவர் நம்பிக் கொடுத்தவருக்கு இருக்கிறது. மியூராவின் மறைவுக்குப் பின் 2022இல் 'பெர்செர்க்' மங்கா மீண்டும் தொடங்கியது. அவருடைய பள்ளிக்கால நண்பர் கோஜி மோரி மேற்பார்க்கிறார், மியூராவிடம் பணியாற்றிய ஸ்டுடியோ காகா கலைஞர்கள் வரைகிறார்கள். மியூரா தன்னிடம் சொன்னவற்றை மட்டுமே எழுதுவேன், சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டேன் என்று மோரி தொடக்கத்திலேயே அறிவித்தார். அத்தனை நெருக்கமானவரே தனக்கு ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொண்டார்.

கணக்குப் போட்டால்

24 நிமிஷ டி.வி. எபிசோடு ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ஷாட்டுகள். படங்கள் ஆயிரக்கணக்கில். ஸ்டோரிபோர்டு போடுபவர், முக்கிய அசைவுகளை வரைபவர், இடைப்படங்களை நிரப்புபவர், எல்லோருடைய கையெழுத்தையும் ஒன்றாக்கித் திருத்தும் அனிமேஷன் டைரக்டர், பின்னணி ஓவியர், வண்ணம் தீட்டுபவர், எல்லாவற்றையும் சேர்த்து ஒளியும் புகையும் கூட்டுபவர் என்று நீண்ட சங்கிலி அது. ரசிகர் குழுவில் முதலில் வந்து குவிகிறவர்கள் வாள்வீச்சை வரைய ஆசைப்படுகிறவர்கள். இடைப்படம் போட யாருக்கும் ஆசை வராது. திருத்தும் பொறுப்பில் இருப்பவருக்குச் சம்பளமும் இல்லை, நண்பனின் படத்தை 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பும் அதிகாரமும் இல்லை. பரீட்சை வரும், வேலை கிடைக்கும், ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள்.

டிரெய்லரை எடுத்துவிட முடிகிறது. அதில் யாரும் பேச வேண்டாம், யாரும் அறைக்குள் நடந்து வந்து உட்கார வேண்டாம். 'பெர்செர்க்'கில் ஓர் இரவு வரும். மலைச்சரிவில் கட்ஸும் அவன் படைத்தோழி காஸ்காவும் நின்று, கீழே கூடாரங்களுக்கு நடுவே எரியும் சிறு சிறு நெருப்புகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நெருப்பும் ஒருவனுடைய சின்னக் கனவு என்பது போலப் பேச்சு போகும். சண்டை இல்லை, வேகமும் இல்லை. அந்த இரவு சரியாக வராவிட்டால் பின்னால் வரும் கிரகணம் வெறும் ரத்தக்களரியாகிவிடும். அந்தப் பேச்சை வரைய முன்வரும் ஒருவர் கிடைக்கும்வரை எந்தக் குழுவுக்கும் எபிசோடு கைகூடாது என்பது என் எண்ணம்.

செய்துமுடித்த முயற்சிகளும் உண்டு. 2014இல் 'மூன் அனிமேட் மேக்-அப்' என்ற பெயரில் 'செய்லர் மூன்' தொடரின் ஒரே ஓர் எபிசோடை எடுத்து, 250க்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஆளுக்கொரு துண்டாக மறுபடி வரைந்தார்கள். ஒருவர் ஒரு பாணியில் செய்வார், அடுத்தவர் வேறொரு பாணியில். ஷாட்டுக்கு ஷாட் நாயகி உசாகியின் முகம் மாறும். பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கும். எல்லோர் கையையும் ஒன்றாக்கும் சுமையே அங்கு இல்லை. ஒவ்வொருவர் தோளிலும் சில விநாடி வேலை மட்டும். 'இதுதான் உண்மையான செய்லர் மூன்' என்று யாரும் உரிமை கொண்டாடவும் இல்லை.

நன்றாக வந்தால் ஆபத்து அதிகம்

'லாப நோக்கம் இல்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டால் சட்டம் எட்டிப் பார்க்காது என்று பலர் நம்புகிறார்கள். எட்டிப் பார்க்கும். ஒரு படைப்பைத் தழுவும் உரிமை ஜப்பானிலும் இந்தியாவிலும் உரிமையாளருடையது. அதற்கு மேல், தன் படைப்பு தன் விருப்பத்துக்கு மாறாகத் திரிக்கப்படாமல் காக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. ஜப்பானியச் சட்டத்தில் 20ஆவது பிரிவு, நம்முடைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 57ஆவது பிரிவு. வீடியோ கேம் கதாபாத்திரம் ஒன்றை வைத்து ரசிகர்கள் எடுத்து விற்ற ஆபாச அனிமே ஒன்றின் மீது கோனாமி நிறுவனம் போட்ட வழக்கில், 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது.

ஆனால் ஜப்பானில் சட்டப் புத்தகம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். 1975 டிசம்பரில் தொடங்கிய காமிகெட் சந்தையில் ரசிகர்கள் தங்கள் கைப்பட வரைந்த டோஜின்ஷிப் புத்தகங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை லட்சக்கணக்கானோர் நடுவே விற்கின்றன. பதிப்பாளர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். நாளைய மங்காக் கலைஞர்கள் அங்கிருந்துதான் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கிளாம்ப் என்ற மங்காக் கலைஞர் குழுவே டோஜின்ஷியில் பிறந்தது. எல்லை எங்கே என்பது எழுதப்படவில்லை, ஆனால் இருக்கிறது.

அந்த எல்லையை 'டோரேமான்' விஷயத்தில் பார்த்தார்கள். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல் இறந்தபோது 'டோரேமான்' கதைக்கு முடிவு எழுதப்படவில்லை. 2005இல் ஒரு ரசிகர், கதையின் சிறுவன் நோபிதா வளர்ந்து விஞ்ஞானியாகி, தன் ரோபோ நண்பன் டோரேமானுக்கு மீண்டும் உயிர் கொடுப்பதாக ஒரு கடைசி அத்தியாயம் வரைந்தார். மூலக் கலைஞரின் கோடு அப்படியே கைவந்திருந்தது. 10,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. நிறையப் பேர் அதையே உண்மையான முடிவு என்று நம்பிவிட்டார்கள். ஷோககுகன் பதிப்பகம் தலையிட்டது. 2007இல் அந்த ரசிகர் மன்னிப்புக் கேட்டு, வருமானத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து முடித்துக்கொண்டார். மோசமாக வரைந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ரசிகர் அனிமேக்கும் இதேதான் நிலைமை. இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்க்கும், மூலத்தைப் போலவே தோன்றும், மூலத்தின் பெயரையே தாங்கிய ஒரு படம் எல்லையின் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

பணம் கைமாறினால் விஷயம் இன்னும் சீக்கிரம் முற்றும். அனிமே உலகுக்கு வெளியே நடந்ததானாலும் 'ஸ்டார் டிரெக்' ரசிகர் படமான 'ஆக்ஸனார்' எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பொதுமக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 கடைசியில் பாராமவுன்ட்டும் சி.பி.எஸ்.ஸும் வழக்குப் போட்டன. நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை 2017 ஜனவரியில் நீதிபதி ஏற்கவில்லை. அதே மாதம் சமரசம்: பதினைந்து பதினைந்து நிமிஷமாக இரண்டு துண்டுக்கு மட்டும் அனுமதி. அதற்கு முன்பே, 2016இல், நிறுவனங்கள் எல்லா 'ஸ்டார் டிரெக்' ரசிகர் படங்களுக்கும் விதி வகுத்துவிட்டன. ஒரு படம் 15 நிமிஷம், இரண்டு பாகமானால் 30 நிமிஷம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. அமைதியாகச் சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்த மற்ற ரசிகர்களையும் அந்த விதி இறுக்கியது.

யாரை அடிக்கிறோம்?

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. ரசிகர்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து செதுக்கிய நாற்பது விநாடியையும், ஸ்டுடியோ வாரத்துக்கு ஒன்றாகத் தள்ளவேண்டிய 24 நிமிஷத்தையும் அருகருகே வைத்து, 'பார்த்தீர்களா, இவர்களுக்கு அக்கறையே இல்லை' என்று எழுதுகிறார்கள். 'ஒன் பஞ்ச் மேன்' மூன்றாவது சீசன் 2025இல் வந்தபோது இயக்குநர் மேல் விழுந்த வசவில் அவர் சமூக ஊடகத்தை விட்டே போய்விட்டார். கால அட்டவணையையும் பட்ஜெட்டையும் முடிவு செய்வது தயாரிப்புக் குழு. திட்டு வாங்குவதோ, மேஜை விளக்கடியில் குறைந்த கூலிக்கு வரைந்துகொண்டிருக்கும் கலைஞர். மங்காவை நேசிப்பவர்கள் அவரை நோகடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது இன்னொரு குறுக்குவழியும் வந்துவிட்டது. வரையவே தெரியாமல், ஏ.ஐ.யிடம் கட்டங்களைக் கொடுத்து அசைய வைப்பது. பிரபலக் குரல்களை நகலெடுத்து வசனம் பேச வைப்பது. 2024 அக்டோபரில் ஜப்பானின் 26 குரல் கலைஞர்கள், தங்கள் குரலை அனுமதியின்றி இப்படி உருவாக்காதீர்கள் என்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 'டிராகன் பால்' ஃப்ரீசாவுக்குக் குரல் தந்த ரியுசெய் நகாவோவும் அவர்களில் ஒருவர். ரசிகர் அனிமேக்கு இதுவரை இருந்த ஒரே தார்மீக பலம், அதில் ஒரு மனிதர் தன் தூக்கத்தைக் கொடுத்திருந்தார் என்பதுதான். அதுவும் போய்விட்டால் மிஞ்சுவது அடுத்தவர் சொத்து மட்டுமே.

ஒசாகா மாணவர்கள்

ரசிகர்களாகத் தொடங்கித் தங்கள் சொந்தக் கதைக்குப் போனவர்களும் உண்டு. 1981 ஆகஸ்டில் ஒசாகாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, தொடக்க விழாப் படமாகச் சில நிமிஷ அனிமேஷன் ஒன்றை ஒசாகா கலைப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தார்கள். ஹிதேயாகி அன்னோ, ஹிரோயுகி யமாகா, டகாமி அகாய். அனிமேஷனுக்கான செல்லுலாய்டு தாளை வாங்கக் காசில்லை. மலிவான வினைல் ஷீட்டை வாங்கி வெட்டி அதில் வண்ணம் தீட்டினார்கள். அடுக்கிவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பெயின்ட் உரிந்து வரும். நண்பர் ஒருவரின் வீடே ஸ்டுடியோ. 8 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். 'டைகான் 3' என்ற அந்தப் படத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை, இவர்களுக்குப் பிடித்த படங்களிலிருந்து வந்த அசுரர்களோடும் இயந்திரங்களோடும் மோதுகிறாள். கதை இவர்களுடையது, உருவங்கள் கடன் வாங்கியவை. 1983இல் 'டைகான் 4' வந்தது. அதே பெண் வளர்ந்திருந்தாள், வேகம் பல மடங்கு கூடியிருந்தது.

அதே ஆண்டு அன்னோ 'அல்ட்ராமேன்' ரசிகர் படம் ஒன்றை இயக்கி, முகமூடி போடாமல் தன் சொந்த முகத்தோடு தானே அல்ட்ராமேனாக நடித்தார். அடுத்த ஆண்டு இந்த நண்பர் கூட்டம் கைனாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1995இல் அங்கிருந்து 'எவாஞ்சலியன்' தொடர் வந்தது. 2022இல் திரைக்கு வந்த 'ஷின் அல்ட்ராமேன்' அதிகாரபூர்வமான படம், திரைக்கதை அன்னோ.

'டைகான் 4' மட்டும் இன்றுவரை பொது விற்பனைக்கு டிவிடியாக வந்ததில்லை. பின்னணியில் ஓடும் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்கு அன்று யாரும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.